விஷத்திற்கு அனுபானம்

சமுத்திரத்தில் எதைக் கொட்டினாலும் அது கரைந்து காணாமற் போய்விடும் என்கின்ற ஒரு நம்பிக்கை வெகு காலமாக மக்களுக்குள் இருந்து வருகின்றது. இது பாமர ஜனங்களுடைய நம்பிக்கை மாத்திரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆலை வைத்திருக்கும் முதலாளியும், அந்த ஆலைக்கு லைசென்சு கொடுக்கும் அதிகாரியும், ஊர்ச் சாக்கடையைக் கடலுக்குத் திருப்பிவிடும் நகரசபையும் இதே நம்பிக்கையின் மேல்தான் காரியம் நடத்தி வருகிறார்கள். பாமரன் "கடல் எல்லா அழுக்கையும் சுத்தப்படுத்திவிடும்" என்கிறான். படித்தவர் அதையே "தண்ணீரில் கலந்து அளவு குறைந்துவிடும்" என்கிறார். வார்த்தைதான் வேறே தவிர, கருத்து ஒன்றே.

இந்த நம்பிக்கையின் பலன் இன்னது என்பதை ஜப்பான் தேசத்து மினமாட்டா என்னும் ஊர் உலகத்திற்குக் காட்டியிருக்கின்றது. அங்கே ஓர் ஆலை வெளியே விட்ட பாதரசக் கழிவு குடாக்கடலில் கலந்துதான் போயிற்று. ஆனால் கலந்த பாதரசம் சும்மா இருக்கவில்லை. சிப்பிக்குள்ளும் மீனுக்குள்ளும் சிறுகச் சிறுகச் சேர்ந்து, அந்த மீனைத் தின்ற ஏழைக் குடும்பங்களின் நரம்புகளைக் கெடுத்து, பிறந்த குழந்தைகளையும் முடமாக்கிற்று. நோய் வெளிப்பட்டது 1956-ல். காரணம் இன்னதென்று ஜப்பான் சர்க்கார் வாய் திறந்து ஒப்புக்கொண்டது 1968-ல். இடையே 12 வருஷ காலம் மக்கள் அதே மீனைத் தின்றார்கள். கடல் பெரிது, விஷம் கொஞ்சம் என்கின்ற சமாதானத்திற்கு அந்த மக்கள் கொடுத்த விலை இது.

நிற்க, நாம் இப்பொழுது எழுத வந்த விஷயம் பாதரசத்தைப் பற்றியதல்ல. கடலுக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கும் இரண்டு சரக்குகளைப் பற்றியதாகும். ஒன்று பிளாஸ்டிக் தூள். மற்றொன்று, பூச்சி மருந்து, ஆலைக் கழிவு, மாத்திரைக் கழிவு, கப்பல் பூச்சு முதலிய ரசாயன விஷங்கள். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே கெடுதல் செய்யக்கூடியது என்று பல பேர் பேசியும் எழுதியும் வருகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேரே. அப்படிக் கேட்ட சில விஞ்ஞானிகள் அதைக் கடற்பாசியின் மேல் பரீட்சை செய்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன, அதிலிருந்து சர்க்கார்களும் பொதுஜனங்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதைச் சொல்லுவதே இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

"தேசத்தில் எத்தனையோ காரியமிருக்க, பாசியைப் பற்றி ஒரு தலையங்கமா?" என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் புல் இல்லாவிட்டால் மாடு இல்லை, மாடு இல்லாவிட்டால் பால் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். கடலிலே புல் எது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகள்தான். ஒரு துளி கடல் நீரில் அநேகம் மிதக்கும். இவை வெயிலைக் கொண்டு தண்ணீரையும் கரியமில வாயுவையும் உணவாக மாற்றி, பிராணவாயுவை வெளியே விடுகின்றன. உலகத்தில் ஒரு வருஷத்தில் இப்படி வெயிலினால் உண்டாகும் உணவுச் சத்தில் ஏறக்குறைய பாதி கடலில்தான் உண்டாகின்றது. இந்தப் பாசியைச் சிறு பூச்சி தின்கிறது; அதை நெத்திலி தின்கிறது; நெத்திலியைப் பெரிய மீன் தின்கிறது; பெரிய மீன் சந்தைக்கு வருகிறது. ஆகவே பாசியின் கதை நம் வீட்டுச் சட்டியில் வந்து முடிகின்ற கதையேயாகும்.

இனி, பிளாஸ்டிக்கைப் பார்ப்போம். 1950-ல் உலகம் முழுவதும் செய்யப்பட்ட பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். இன்றைக்கு அது வருஷத்திற்கு 40 கோடி டன்னுக்கு மேல். இது மக்குவதில்லை. வெயிலும் உப்பும் அலையும் சேர்ந்து இதை நொறுக்கிக்கொண்டே போகின்றன. பை துண்டாகிறது, துண்டு குருணையாகிறது, குருணை தூளாகிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டையெல்லாம் நுண் பிளாஸ்டிக் என்று சொல்லுகிறார்கள். இங்கிலாந்திலுள்ள பிளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2004-ல் இதைப் பற்றி எழுதிய பிறகே உலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது. மோட்டார் டயர் தேய்வதிலும், நைலான் துணி துவைப்பதிலும், பழைய வலை அறுந்து போவதிலும் இந்தத் தூள் உண்டாகி, மழைத் தண்ணீரோடு ஆற்றுக்கும் ஆற்றோடு கடலுக்கும் போய்ச் சேருகின்றது.

இந்தத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. அதை அறிய விஞ்ஞானசாலைக்குப் போக வேண்டியதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் மீன் குழம்பை ஒருநாள் ஊற்றி வைத்தால், பிறகு எத்தனை முறை சீயக்காயோ சோப்போ போட்டுத் தேய்த்தாலும் அந்த மஞ்சள் கறையும் எண்ணெயும் வாடையும் போவதில்லை என்பதை, வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர்கள் (அது இன்றைக்கும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேதான் கட்டப்பட்டிருக்கின்றது) நன்றாய் அறிவார்கள். எண்ணெயில் கரையும் பொருள்களையெல்லாம் பிளாஸ்டிக் தன்னிடத்தில் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலிலும் இதுவே நடக்கின்றது. தண்ணீரில் தங்க விருப்பமில்லாத எண்ணெய்க் குணமுள்ள விஷங்கள், பிளாஸ்டிக் தூளைக் கண்டவுடன் அதில் போய் ஒட்டிக்கொள்ளுகின்றன. டோக்கியோவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கடலிலிருந்து பொறுக்கிய பிளாஸ்டிக் குருணைகளைப் பரீட்சித்து 2001-ல் எழுதியதென்னவென்றால், பி.சி.பி. என்னும் விஷமும், டி.டி.டி. சிதைந்து உண்டாகும் விஷமும் சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைப்போல் 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு வரை அந்தக் குருணைகளில் சேர்ந்திருந்தன என்பதாகும். கரைந்து போய்விட்டது என்று நாம் எதை நினைத்தோமோ, அதைப் பிளாஸ்டிக் மறுபடியும் திரட்டி வைத்திருக்கின்றது.

நம் நாட்டு வைத்தியர்கள் மருந்து கொடுக்கும்போது, "தேனில் குழைத்துச் சாப்பிடு", "வெந்நீரில் போட்டுக் குடி", "நெய்யில் கலந்து கொள்" என்று சொல்லுவதை எல்லோரும் கேட்டிருக்கலாம். மருந்தை உள்ளே கொண்டு போகும் அந்தப் பொருளுக்கு அனுபானம் என்று பேர். அனுபானம் மாறினால் மருந்தின் வேகமும் மாறும் என்பது அவர்கள் வாதம். வைத்தியர் சொல்லுவதையெல்லாம் நாம் பரீட்சையில்லாமல் ஒப்புக்கொள்ளுகிறவர்களல்ல. ஆனாலும் இந்தக் கேள்வி நியாயமான கேள்வி. மருந்துக்கு அனுபானம் உண்டானால் விஷத்திற்கும் ஏன் இருக்கக் கூடாது? பிளாஸ்டிக் தூள் கடலில் விஷத்திற்கு அனுபானமாக ஆகிவிட்டதா? ஆகியிருந்தால், அது விஷத்தின் வேகத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இதுவே விஷயம்.

விஞ்ஞானிகள் செய்த பரீட்சையின் முறை மிகவும் எளிது. ஒரே இனப் பாசியைப் பல கண்ணாடிக் குடுவைகளில் வளர்ப்பது. ஒன்றில் விஷம் மாத்திரம் போடுவது. ஒன்றில் பிளாஸ்டிக் தூள் மாத்திரம் போடுவது. ஒன்றில் இரண்டையும் சேர்த்துப் போடுவது. ஒன்றில் எதையும் போடாமல் விடுவது. மூன்று நான்கு நாள் கழித்து எந்தக் குடுவையில் பாசி எவ்வளவு வளர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பது. இவ்வளவுதான். இதில் யாருடைய வாக்கையும் நம்ப வேண்டிய அவசியமில்லை. குடுவைகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால் பதில் தானே தெரியும்.

பதில் என்னவாய் இருந்தது? போர்த்துகல் தேசத்து விஞ்ஞானிகள் டெட்ராசெல்மிஸ் என்னும் கடற்பாசியைத் தாமிரத்தோடும் பிளாஸ்டிக் தூளோடும் வளர்த்து 2015-ல் எழுதினார்கள். கப்பலின் அடிப்பூச்சில் சேரும் தாமிரம் பாசிக்கு விஷம். பிளாஸ்டிக் சேர்ந்ததனால் அந்த விஷம் கூடவுமில்லை, குறையவுமில்லை என்று கண்டார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் "பிளாஸ்டிக்கினால் ஒரு கெடுதலுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை.

அதே பாசியை வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தாமிரத்திற்குப் பதில் இரண்டு மருந்துகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை. மற்றொன்று புரோகெய்னமைடு என்னும் இருதய மருந்து. மனிதர் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு சாக்கடை வழியாய்க் கடலுக்குப் போவதால் இவற்றை எடுத்துக்கொண்டார்கள். 2018-ல் வெளிவந்த முடிவு என்னவென்றால், பிளாஸ்டிக் தூள் தனியாக இருந்தபோது பாசியின் வளர்ச்சியைக் குறைக்கவில்லை. ஆனால் மருந்தோடு சேர்ந்தபோது, மருந்து தனியாகச் செய்ததைவிட அதிகக் கெடுதல் செய்தது. தனியே விட்டால் சாது. கூட்டாளி கிடைத்தால் துஷ்டன்!

இதற்கு நேர்மாறான பதிலும் கிடைத்திருக்கின்றது. நம் விவசாயிகள் நன்கு அறிந்த குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சி மருந்தை ஐசோகிரைசிஸ் என்னும் கடற்பாசியின் மேல் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானிகள் பரீட்சித்து 2019-ல் எழுதினார்கள். பிளாஸ்டிக் தூளைச் சேர்த்தவுடன் அந்த மருந்தின் விஷம் பாசிக்குக் குறைந்து போயிற்று. அதே வருஷத்தில் சீன விஞ்ஞானிகள், சோப்பிலும் பற்பசையிலும் போடப்பட்டு வந்த டிரைக்ளோசான் என்னும் பொருளை ஸ்கெலிடோனிமா என்னும் பாசியின் மேல் பரீட்சித்து, நான்கு வகைப் பிளாஸ்டிக் தூளிலும் இதே மாதிரி விஷம் தணிவதையே கண்டார்கள். விஷத்தை அதிகமாய் உறிஞ்சும் பிளாஸ்டிக்கில் தணிவும் அதிகமாயிருந்தது.

ஒரு பரீட்சை கூடுகிறது என்கிறது; ஒன்று குறைகிறது என்கிறது; ஒன்று இரண்டுமில்லை என்கிறது. "விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமையில்லையே, இவர்கள் பேச்சை எப்படி நம்புவது?" என்று கேட்கச் சிலர் தயாராயிருப்பார்கள். ஆனால் இதில் ஒற்றுமைக் குறைவு ஒன்றுமில்லை. கேள்வி வேறு வேறாக இருந்தது. பதிலும் வேறு வேறாக வந்தது. காரணத்தைக் கவனித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

குளோர்பைரிபாஸ் எண்ணெய்க் குணமுள்ளது. அது பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் மிச்சமிருப்பது கொஞ்சம். தண்ணீரிலிருந்து பாசி உறிஞ்சுவதும் கொஞ்சம். ஆகவே விஷம் தணிகிறது. தூள் மிகவும் நுண்ணியதாக இருந்தால் பாசியின் உடம்பிலேயே போய் ஒட்டிக்கொண்டு வெயிலை மறைக்கிறது; தான் சுமந்துவந்த விஷத்தையும் பாசியின் வாசற்படியிலேயே இறக்கி வைக்கக் கூடும். அப்போது கெடுதல் கூடுகிறது. தூளின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பரீட்சையைச் சொல்லுவோம். ஸ்கெலிடோனிமா பாசியில் 1 மில்லிமீட்டர் பி.வி.சி. குருணையைப் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதே பி.வி.சி.யை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள தூளாகப் போட்டார்கள். நான்கு நாளில் வளர்ச்சி ஏறக்குறைய 40 சதவிகிதம் வரை குறைந்தது. இது 2017-ல் வெளியான பரீட்சை. சரக்கு ஒன்றே, பொடித்ததுதான் வித்தியாசம். நாம் கடலில் எறிந்த பிளாஸ்டிக்கையோ அலையும் வெயிலும் நாள்தோறும் பொடித்துக்கொண்டேயிருக்கின்றன.

அன்றியும், இந்த அனுபானம் வெறும் தேனோ வெந்நீரோ அல்ல. இதற்குள்ளேயே மருந்து இருக்கின்றது. பிளாஸ்டிக்கை வளைப்பதற்கென்றும், நிறத்திற்கென்றும், தீப்பிடிக்காமலிருப்பதற்கென்றும் பலவிதமான ரசாயனங்களைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக் சம்பந்தப்பட்ட ரசாயனங்கள் 13,000-க்கு மேல் என்றும், அவற்றில் 3,200-க்கு மேற்பட்டவை கவலைப்பட வேண்டியவை என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2023-ல் அறிவித்திருக்கின்றது. இவை தண்ணீரில் ஊறி வெளியே வரும். ஆஸ்திரேலியாவிலுள்ள மக்குவாரி சர்வகலாசாலையார், கடைப் பையும் பி.வி.சி. விரிப்பும் ஊறிய தண்ணீரைக் கடலின் மிகச் சிறிய நீலப்பச்சை உயிரான புரோகுளோரோகாக்கஸின் மேல் விட்டுப் பார்த்தார்கள். அதன் வளர்ச்சியும், பிராணவாயு விடும் சக்தியும் குறைந்தன என்று 2019-ல் எழுதினார்கள்.

இதைக் கேட்டவுடன் இரண்டு கக்ஷிக்காரர்கள் கிளம்புவார்கள். ஒரு கக்ஷி பிளாஸ்டிக் வியாபாரத்தில் லாபமடைகிறவர்களுடையது. "பார்த்தீர்களா, பிளாஸ்டிக் விஷத்தை உறிஞ்சிக் கடலைச் சுத்தப்படுத்துகிறது" என்று இவர்கள் சொல்லுவார்கள். மற்றொரு கக்ஷி பயத்தை விற்றுப் பிழைக்கிறவர்களுடையது. "பிளாஸ்டிக் எதோடு சேர்ந்தாலும் விஷம் நூறு மடங்காகிவிடும், கடல் செத்துவிட்டது" என்று இவர்கள் கூச்சலிடுவார்கள். இரண்டு பேரும் பாதிப் பரீட்சையை எடுத்துக்கொண்டு மீதிப் பாதியை மறைக்கிறவர்களே. இவர்களுடைய பேச்சை நம்புவதற்கும், புராணத்தில் சொல்லியிருக்கிறது என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

முதல் கக்ஷிக்குச் சொல்லுகிறோம். விஷம் தணிந்தது என்றால் அழிந்தது என்று அர்த்தமல்ல. கடன்காரன் தன் கடனைத் தம்பி பேருக்கு மாற்றி எழுதிவிட்டு "என் கடன் தீர்ந்தது" என்று சொன்னால், தீர்ந்ததாகுமா? பாசியின் பேரிலிருந்த விஷம் இப்போது பிளாஸ்டிக்கின் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தூளைப் பூச்சியும் சிப்பியும் பாசி என்றெண்ணி விழுங்குகின்றன. பாசிகள் தம் பிசினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது தூளும் அதில் மாட்டிக்கொண்டு, தானாக ஒருபோதும் போகாத வேகத்தில் அடிக்கடலுக்கு இறங்குகின்றது என்று 2015-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். மேலே இருந்த விஷம் அடிக்குப் போய், அங்கே வாழும் உயிர்களின் தலையில் விடிகிறது.

இரண்டாவது கக்ஷிக்குச் சொல்லுகிறோம். பரீட்சைக் குடுவைகளில் போடப்பட்ட தூளின் அளவு பெரும்பாலும் இன்றைய நடுக்கடலில் இருப்பதைவிட மிகவும் அதிகம். மீனுக்கும் சிப்பிக்கும் பிளாஸ்டிக் வழியாய்ப் போகும் விஷம், தண்ணீர் வழியாயும் இரை வழியாயும் போகும் விஷத்தைவிடப் பெரும்பாலான இடங்களில் குறைவுதான் என்று கணக்கிட்டுச் சொல்லியிருக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. ஆகவே இன்றைக்கே மீனைத் தொடாதே என்று நாம் யாருக்கும் சொல்ல வரவில்லை. மீனவர் வயிற்றில் அடிப்பதற்கு இந்தப் பரீட்சைகள் ஆதாரமாகா. ஆனால் குடுவையில் போட்ட தூள் அநேகமாய்க் கடையில் வாங்கிய புதுத் தூள் என்பதையும் மறக்கக் கூடாது. கடலில் கிடப்பதோ வெயிலில் வெடித்து, அழுக்கேறி, பிசின் பூத்த பழைய தூள். வெடிப்பு அதிகமானால் ஒட்டும் இடமும் அதிகம். தவிர, பிளாஸ்டிக் வருஷாவருஷம் கூடுகிறதே தவிர, குறைகின்ற வழியைக் காணோம்.

இந்தப் பரீட்சைகளிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. விஷத்தின் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல. ஒன்றும் ஒன்றும் சில சமயம் மூன்று. சில சமயம் அரை. சில சமயம் ஒன்றே. ஆனால் சர்க்கார்களின் சட்டம் எந்தக் கணக்கில் நடக்கிறது? ஒரு ரசாயனத்தை விற்க அனுமதி கேட்டால், அந்த ஒன்றை மாத்திரம், சுத்தமான தண்ணீரில், சுத்தமான கண்ணாடிக் குடுவையில் பாசியோடு போட்டு 72 மணி நேரம் பார்க்கிறார்கள். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கெடுதலில்லை என்று பெரும்பாலும் அதைக் கொண்டே முடிவு கட்டுகிறார்கள். அடுத்த ரசாயனத்திற்கும் அப்படியே. நூறு ரசாயனம் வந்தால் நூறு நற்சாட்சிப் பத்திரம். எந்தக் கடலிலாவது ஒரே ஒரு ரசாயனம் தனியாக, பிளாஸ்டிக் இல்லாத சுத்தமான தண்ணீரில் இருக்கின்றதா? இல்லாத ஒரு கடலுக்குச் சட்டம் எழுதி வைத்துக்கொண்டு, இருக்கின்ற கடலை அதைக்கொண்டு பாதுகாக்கிறோம் என்று சொல்லுவது அறிவுடைமையாகுமா? இதுவும் ஒரு மூடநம்பிக்கை அல்லாமல் வேறென்ன? முத்திரை குத்திய காகிதத்தில் எழுதியிருப்பதனால் மூடநம்பிக்கை அறிவாகிவிடாது.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரமல்ல என்பதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே சாட்சி உண்டு. 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து எரிந்து, ஜூன் மாதத்தில் மூழ்கிற்று. அதிலே 1,486 பெட்டகங்கள். அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் இருந்தது. இதுவரை கடலில் கொட்டிய பிளாஸ்டிக் குருணைகளில் இதுவே அதிகமென்று சொல்லப்படுகிறது. எரிந்த குருணையை ஆராய்ந்தவர்கள், எரியாததில் இருப்பதைவிட மிகவும் அதிக வகை ரசாயனங்களை அதில் கண்டார்கள். இலங்கையின் மேற்குக் கரை மீனவர்கள் மாதக் கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல்காரர்கள் 100 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிற்று.

அந்தக் கப்பலில் நைட்ரிக் அமிலத்திற்குச் சர்வதேசக் கப்பல் விதிகள் கொடுத்திருந்த பேர் அபாயகரமான சரக்கு. பிளாஸ்டிக் குருணைக்குக் கொடுத்திருந்த பேர் சாதாரணச் சரக்கு. அரிசி மூட்டைக்கும் அதற்கும் பேரில் வித்தியாசமில்லை. தனியாகப் பார்த்தால் குருணை கையைச் சுடாது, மூக்கை எரிக்காது, ஆகவே அது சாது என்று எழுதிவிட்டார்கள். அமிலத்தோடும் நெருப்போடும் கடலோடும் சேர்ந்தால் அது என்னவாகும் என்று விதி எழுதியவர்கள் கேட்கவில்லை. இந்த விபத்திற்குப் பிறகு, சர்வதேசக் கப்பல் ஸ்தாபனம் 2024-ல் குருணையை நல்ல பெட்டகத்தில் ஜாக்கிரதையாய் ஏற்றுங்கள் என்று ஒரு யோசனை சொல்லியிருக்கின்றது. அது யோசனைதானே தவிர, கட்டாயமல்ல. கேட்காதவனுக்குத் தண்டனையுமில்லை.

பலன் என்ன? 2025 மே மாதத்தில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிற்று. 640 பெட்டகங்களில் 13-ல் அபாயகரமான சரக்கு என்று அறிவித்தார்கள். பிறகு கேரளக் கரையிலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையிலும் வந்து குவிந்தது எது? வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்டிக் குருணை. அலை ஒதுக்கிய குருணையைக் கூலிக்காரர்களும் தொண்டர்களும் குனிந்து குனிந்து அள்ளினார்கள். மணலோடு கலந்ததைச் சல்லடை போட்டாலும் முழுவதும் எடுக்க முடியாது. அள்ளாமல் விட்டது இனி வெயிலில் வெடித்து, தூளாகி, கடலில் எந்த விஷம் வந்தாலும் அதற்கு அனுபானமாகக் காத்துக்கொண்டிருக்கும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு சர்வதேச ஒப்பந்தம் செய்ய வேண்டுமென்று 2022 மார்ச்சில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024-ல் பூசானில் கூடினார்கள், முடிவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள். அப்போதும் முடிவில்லாமல் கலைந்தார்கள். பிளாஸ்டிக் உற்பத்தியைக் குறைப்பதா வேண்டாமா, அதில் சேரும் விஷ ரசாயனங்களைக் கட்டுப்படுத்துவதா வேண்டாமா என்கின்ற இரண்டு கேள்விகளிலேதான் சண்டை. எண்ணெய்க் கிணறும் ஆலையும் உடைய தேசங்கள், குப்பையைக் கூட்டுவதைப் பற்றி மாத்திரம் பேசலாம் என்கின்றன. குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதைப் பற்றி மாத்திரம் பேசலாம் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

ஆகவே நாம் வேண்டுவது என்னவென்றால், முதலாவது, ரசாயனங்களைப் பரீட்சிக்கும்போது தனித்தனியாய் மாத்திரமல்லாமல், கடலில் உண்மையில் கலந்து கிடக்கிறபடி ஒன்றோடொன்று சேர்த்தும், பழகிய பிளாஸ்டிக் தூளோடு சேர்த்தும் பரீட்சிக்க வேண்டும். இரண்டாவது, பிளாஸ்டிக் செய்கிறவர்கள் அதற்குள் என்ன என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பகிரங்கமாய்ச் சொல்லச் சட்டம் வேண்டும். வியாபார ரகசியம் என்பது மற்றவனுக்கு விஷம் கொடுப்பதற்குச் சமாதானமாகாது. மூன்றாவது, கப்பலில் போகும் பிளாஸ்டிக் குருணையை அபாயகரமான சரக்காக எண்ணிக் கட்டாய விதி செய்ய வேண்டும். நான்காவது, கரையில் குருணை ஒதுங்கினால் மீனவர்களுக்கு வருமான நஷ்டத்தைக் கொடுக்க வேண்டியவன் சரக்குக்காரனும் கப்பல்காரனுமே என்பது வழக்காடாமலே நிலைபெற வேண்டும்.

பொதுமக்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றுதான். துணிப் பை எடுத்துப் போவது நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் துணிப் பை எடுத்துப் போய்விட்டதனாலேயே நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி எண்ண வேண்டுமென்பதுதான் ஆலைக்காரர்களுடைய ஆசை. உங்கள் ஊர் ஆற்றில் கழிவு விடும் ஆலையைப் பற்றி நீங்கள் புகார் சொல்லும்போது, "எல்லாம் அளவுக்குக் கீழேதான் இருக்கிறது" என்று அதிகாரி ஒரு காகிதத்தைக் காட்டக் கூடும். அப்போது மரியாதையாக, ஆனால் விடாமல், ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, தனியாகவா, சேர்த்தா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வந்து சொல்லும்படி சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பாசியின் பேரால் கேட்கப்படும் அந்தக் கேள்வி, நெத்திலிக்கும், அதைப் பிடிப்பவனுக்கும், அதைச் சமைப்பவளுக்கும், தின்னும் குழந்தைக்கும் சேர்த்துக் கேட்கப்படும் கேள்வியாகும் என்பதைத் தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.